கொழுப்பு 168!

"ஐயோ... டிரைவரைப் பாருங்க!"

முன் சீட்டில் இருந்த பெண் அலறினாள்.

காலை ஆறு ஐம்பது. நாற்பத்திரண்டு பயணிகளோடு பஸ் பாலத்தின் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தார். ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. இன்னொரு கை தொங்கியது!

கண்டக்டர் பின்னாலிருந்து பயணிகளின் கால்களை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். பாய்ந்தார். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார்.

வண்டி துடித்தது. வளைந்தது. நடைபாதையில் ஏறியது.

தடால்...!

மூடிக்கிடந்த பர்னிச்சர் கடையின் ஷட்டரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், ஒரு மரக்கட்டிலின் மேல் ஏறி நின்றது.

பதினொரு பேருக்குக் காயம். ஒரு டீச்சருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது.

டிரைவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது மூச்சு இருந்தது.

இருபது நிமிடம் கழித்து இல்லை.

வயது நாற்பத்தேழு. டெப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நிதானம்' என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர்.

*

இன்ஸ்பெக்டர் பயங்கரக் கடுப்பில் இருந்தார்.

காரணம் நியாயமானது. அவர் கடைசியாகச் சாப்பிட்டது நேற்று மாலை ஏழரை மணிக்கு. காலையில் வெறும் வயிற்றோடு போய்க் கொலஸ்ட்ரால் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. மூன்று தடவை தள்ளிப்போட்டு, நான்காவது தடவை கிளம்பிச் செருப்பு மாட்டும்போது ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பை விட்டு இறங்கும்போதே செல்போன் கத்தியது.

"ரத்தம் குடுத்தாச்சா?"

"இல்லம்மா. இங்க ஒரு விபத்து..."

"உங்களுக்குன்னு மட்டும் எங்கேர்ந்துதான் வருதோ இந்த விபத்தெல்லாம்! சொல்லிட்டேன், குடுக்காம ஒரு வாய் காபி குடிச்சீங்க..."

"தண்ணி குடிக்கலாமா?"

"தண்ணி மட்டும்!"

போனை வைத்தார். பக்கத்தில் ஏட்டம்மா ஆவி பறக்கும் காபியோடு நின்றாள். ஸ்டேஷனிலேயே மூத்தவள். வாயும் கொஞ்சம் நீளம்.

"அந்தக் கருமத்தை அந்தப் பக்கம் திரும்பிக் குடிங்க ஏட்டம்மா!"

"சரி சார். வாசனையையும் திருப்பணுமா?"

உள்ளே வராந்தாவில் ஒரே கூச்சல்.

பஸ் கம்பெனி மேனேஜர், டை கோணலாகத் தொங்க, நிருபர் ஒருவரிடம் கத்திக்கொண்டிருந்தார். "குடிச்சிட்டு ஓட்டியிருக்கான் சார்! வேற என்ன? வண்டியில ஒரு ஃபால்ட்டும் கிடையாது!"

"யாருய்யா குடிச்சது?" பாய்ந்து வந்தார் தொழிலாளர் சங்கத் தலைவர். ஐம்பத்தைந்து வயது. மூங்கில் உடம்பு. ஒரு காலத்தில் அவரும் டிரைவர்தான். இப்போது முழுநேரமும் சங்கம். "பச்சைத் தண்ணியைக்கூட அளந்து குடிக்கிறவன்யா நிதானம்! செத்தவன் மேல பழி போடுறியா? கம்பெனி கேட்டை இழுத்து மூடிருவேன்!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" இன்ஸ்பெக்டர் உறுமினார். "அவரோட வீட்டுக்காரம்மா எங்க?"

தலைவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "இதோ சார். காலையிலேர்ந்து நான்தான் கூட நிக்கிறேன். என் தங்கச்சி மாதிரி."

பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. அளவெடுக்கும் டேப் இன்னும் கழுத்திலேயே தொங்கியது. அழவில்லை. அழுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருப்பது போல நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், அவர் குடிக்கலை."

"டாக்டர் சொல்லட்டும்மா."

"குடிச்சார்னு எழுதிடாதீங்க. நாளைக்கு என் பொண்ணு ஸ்கூலுக்குப் போகணும். 'குடிகார டிரைவர் பொண்ணு'ன்னு யாராவது சொன்னா அவ தாங்க மாட்டா."

"அவருக்கு உடம்புக்கு ஏதாவது...?"

"ரெண்டு மாசமா நெஞ்சை அடைக்குதுன்னு சொன்னார் சார். மாடிப்படி ஏறினா நடுவுல நிப்பார். நான் சண்டை போட்டு ஹார்ட் டாக்டர்கிட்ட நாள் வாங்கினேன். போன வியாழக்கிழமை போயிருக்கணும்."

"போகலையா?"

அவள் கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"இது வந்துச்சு சார். கம்பெனியில எல்லா டிரைவருக்கும் எடுத்த ரத்த டெஸ்ட். கொலஸ்ட்ரால் நூத்தி அறுபத்தெட்டு. எல்லாம் நார்மல். 'பாத்தியா, வெறும் கேஸ் பிரச்சனைதான், நீ சும்மா பயமுறுத்துறே'ன்னு சிரிச்சார். டாக்டருக்கு அவரே போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டார்."

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கணும் சார்..."

தலைவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் கண்களும் கலங்கியிருந்தன.

*

டூட்டி டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"உயிரோட வந்தப்போ எடுத்த ரத்தம் சார் இது. சாராயம் ஒரு துளிகூட இல்ல. ஆனா இதைப் பாருங்க. மெஷின்ல சுத்த விட்டா கீழ சிவப்பா தங்கும். மேல தெளிவா ஒரு திரவம் நிக்கணும். நிக்குதா?"

இன்ஸ்பெக்டர் உற்றுப் பார்த்தார். "மேல பால் மாதிரி இருக்கே!"

"பால் இல்ல சார். கொழுப்பு."

இன்ஸ்பெக்டர் குழாயிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"மொத்தக் கொலஸ்ட்ரால் முந்நூத்தி நாப்பத்தி ரெண்டு. இருநூறைத் தாண்டினாலே நாங்க கவலைப்படுவோம். இன்னொரு கொழுப்பு, ட்ரைகிளிசரைடு, நூத்தம்பதுக்குள்ள இருக்கணும். இவருக்கு எழுநூத்தி எண்பது! இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல எங்கயோ முழுசா அடைச்சிருச்சு. இது ரெண்டு நாள்ல சேர்ந்ததில்ல. வருஷக்கணக்குல படிஞ்சது."

இன்ஸ்பெக்டர் அந்தப் பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

டாக்டர் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை படித்தார்.

"எப்போ எடுத்தது?"

"ஒன்பது நாள் முன்னாடி."

"சான்ஸே இல்ல!"

"ஒன்பது நாள்ல ஏறாதா?"

"ஒன்பது நாள் வெண்ணெயில குளிச்சாலும் இப்படி ஏறாது சார்! ஒண்ணு சொல்லிடறேன், கொலஸ்ட்ரால் நார்மலா இருக்கிறவங்களுக்கும் அட்டாக் வரும். அது வேற விஷயம். ஆனா இந்த ரிப்போர்ட்..." காகிதத்தை விரலால் சுண்டினார். "இந்த மனுஷனோட ரிப்போர்ட்டே இல்ல. உண்மையான ரிப்போர்ட் வந்திருந்தா அன்னிக்கே வண்டியை விட்டு இறக்கியிருப்பாங்க. வியாழக்கிழமை ஹார்ட் டாக்டர் பார்த்திருப்பார். இப்போ வார்டுல உக்காந்து ரொட்டி தின்னுட்டு இருந்திருப்பார்."

ரொட்டி என்றதும் இன்ஸ்பெக்டர் எச்சிலை விழுங்கினார்.

செல்போன் அலறியது. மேலதிகாரி.

"என்னய்யா, கேஸை முடிச்சாச்சா?"

"சார், இதுல ஒரு சின்னச் சந்தேகம்..."

"ஹார்ட் அட்டாக்கை அரெஸ்ட் பண்ணப் போறியா? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மூடு. ரோட்டுல கூட்டம் சேருது!"

லைன் துண்டானது.

*

டெப்போ ஆபீஸ். மின்விசிறி 'கடக்... கடக்...' என்று சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை.

"டிரைவர்களோட ரத்த ரிப்போர்ட் ஃபைல் வேணும்."

"அது ஹெட் ஆபீஸ்ல இருக்கு சார்," என்றார் மேனேஜர்.

ஹெட் ஆபீஸுக்குப் போன் போட்டார்கள். 'டெப்போவில்தான் இருக்கிறது' என்றது ஹெட் ஆபீஸ்.

"அப்போ கம்ப்யூட்டர்ல இருக்கும் சார்."

கம்ப்யூட்டர் திறக்கவில்லை. பாஸ்வேர்டு தெரிந்த கிளார்க் லீவு.

"அப்போ லேப்ல..."

"யோவ்!" இன்ஸ்பெக்டர் மேஜையைக் குத்தினார். "காலையிலேர்ந்து பச்சைத் தண்ணியில ஓடிட்டு இருக்கேன்! இன்னும் ஒரு 'அப்போ' சொன்னே..."

"சார்," என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

ஏட்டம்மா நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். பீரோ உச்சியிலிருந்து தூசியோடு ஒரு பச்சை ஃபைலை உருவினாள். அட்டையில் கொட்டை எழுத்தில் 'ரத்தப் பரிசோதனை'.

மேனேஜர் நெற்றியில் வியர்வை பூத்தது. "அட... அங்கயா இருந்துச்சு?"

"எதுக்குய்யா மறைச்சே?"

"மறைக்கலை சார்! நல்ல ரிப்போர்ட்தானே, யாரும் கேக்க மாட்டாங்கன்னு... போன வருஷம் பாதிப் பேருக்கு மட்டும் இந்த டெஸ்ட் எடுத்ததுலயே பதினோரு டிரைவரை இறக்க வேண்டியதாப் போச்சு. வண்டி கழுவுற வேலைக்கு மாத்தினோம். ரூட் ஓட்ட ஆளில்ல. இந்த வருஷம் அந்தத் தலைவலி இல்ல. ஒருத்தர்கூட ஃபெயில் இல்ல!"

"ஒருத்தர்கூட?"

"ஒருத்தர்கூட இல்ல சார்! முப்பத்தேழு பேரும் பாஸ்!"

ஏட்டம்மா ஃபைலைப் புரட்டினாள். சட்டென்று புரட்டுவதை நிறுத்தினாள். முதல் பக்கத்துக்குப் போனாள்.

"சார்... படிக்கிறேன், கேளுங்க. நூத்தி அறுபத்தெட்டு. அடுத்தவர் நூத்தி அறுபத்தேழு. அடுத்தவர் நூத்தி அறுபத்தெட்டு. நூத்தி அறுபத்தொன்பது. நூத்தி அறுபத்தெட்டு..."

"என்ன ஏட்டம்மா இது?"

"நல்ல கொலஸ்ட்ரால்னு ஒண்ணு போட்டிருக்கு சார். முப்பத்தேழு பேருக்கும் அறுபதிலேர்ந்து அறுபத்திரண்டுக்குள்ள. கூடப் பிறந்த இரட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட இப்படி வராது!"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். பசி மறந்துபோயிருந்தது.

"லேப்!"

*

"ரத்தத்தை வாஷ் பேசின்ல ஊத்திட்டு, ரிப்போர்ட்டைக் கையால டைப் பண்ணிக் குடுத்தீங்களா?"

லேப் டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழவே இல்லை. நரைத்த கொண்டை. வெள்ளைக் கோட்டு. கோபம் மட்டும் மூக்கு நுனியில் சிவந்தது.

"முப்பது வருஷமா லேப் நடத்துறேன். முதல் தடவையா ஒருத்தர் என் முகத்துக்கு நேரா இதைக் கேக்கறார். கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

"என்னது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நேத்து... ஏழரை மணிக்கு."

"நல்லது. கையை நீட்டுங்க!"

இன்ஸ்பெக்டர் சுதாரிப்பதற்குள் முழங்கை மடிப்பில் ஊசி இறங்கியிருந்தது. அவர் கண் முன்னாலேயே குழாய் சுழன்றது. கண் முன்னாலேயே மெஷின் ஓடியது. கண் முன்னாலேயே காகிதம் வெளியே வந்தது.

"மொத்தக் கொலஸ்ட்ரால் இருநூத்தி ஐம்பத்தொண்ணு," டாக்டரம்மா படித்தாள். "கெட்டது நூத்தி எழுபத்தெட்டு. என் மெஷின் போலீஸுக்குக்கூடப் பொய் சொல்லாது சார். முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க."

ஏட்டம்மா தொண்டையைச் செருமினாள். "சார், உங்களுக்கு இவ்வளவு கொழுப்புன்னு ஸ்டேஷன்ல எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்."

"வாயை மூடுங்க ஏட்டம்மா! டாக்டரம்மா, மெஷின் சரின்னே வெச்சுக்குவோம். முப்பத்தேழு பேருக்கும் ஒரே நம்பர் வந்தப்போ உங்களுக்கு உறைக்கலையா?"

டாக்டரம்மா ஃபைலை வாங்கிப் பார்த்தாள். மெல்ல முகம் வெளுத்தது.

"ஒரு நாளைக்கு நானூறு ரிப்போர்ட் சார். மோசமா ஒண்ணு வந்தா திரும்ப ஓட்டிப் பார்ப்போம். நல்லா வந்தா... யார் சந்தேகப்படுவா?"

இன்ஸ்பெக்டர் ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"டெப்போவுக்குப் போய் ரத்தம் எடுத்தது யாரு?"

"எங்க ஆள்தான். மறுநாளே ஊருக்குப் போறேன்னு லீவு எழுதிக் குடுத்துட்டுப் போனார். போன் ஸ்விட்ச் ஆஃப்."

"போச்சு! எல்லாக் கதவும் மூடிக்கிச்சு..." இன்ஸ்பெக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கதவு இருக்கு," என்றாள் டாக்டரம்மா. "குழாய்ங்களைப் பத்து நாள் ஃப்ரிட்ஜுல வெச்சிருப்போம். நாளைக்குத் தூக்கிப் போட்டிருப்போம்."

"இன்னும் இருக்கா?!"

"இருக்கு."

ஃப்ரிட்ஜ் திறந்தது. நீல மூடி போட்ட முப்பத்தேழு குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டிரைவரின் பெயர் ஒட்டியிருந்தது.

டாக்டரம்மா வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு வைத்தாள். மருந்து ஒரு சொட்டு சேர்த்தாள். குச்சியால் கலக்கினாள்.

"பி நெகட்டிவ்."

அடுத்த குழாய்.

"பி நெகட்டிவ்."

அடுத்தது.

"பி நெகட்டிவ்... இதுவும் பி நெகட்டிவ்..."

முப்பத்தேழாவது குழாயும் முடிந்ததும் அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"சார், நூறு பேர்ல ரெண்டு பேருக்குக்கூட இந்த குரூப் இருக்காது. முப்பத்தேழு டிரைவருக்கும் இருக்குன்னா..."

"ஒரே ஆளோட ரத்தம்!" இன்ஸ்பெக்டர் முடித்தார். "உங்க ஆளோட ரத்தமா?"

"அவர் ஓ பாசிட்டிவ். ஸ்டாஃப் எல்லாரோட குரூப்பும் ரெஜிஸ்டர்ல இருக்கு. லேபிள் எல்லாம் சரியா ஒட்டியிருக்கு சார். உள்ள இருக்கிறதுதான் வேற யாரோ."

"முப்பத்தேழு குழாய்க்கு ரத்தம் குடுத்தா ஆள் தாங்குமா?"

"குழாய்க்கு மூணு மில்லி. மொத்தமே ஒரு சின்ன டம்ளர். தாராளமாத் தாங்கும்."

*

ஜீப்பில் இன்ஸ்பெக்டர் பற்களை நறநறவென்று கடித்தார்.

"மேனேஜர்தான் ஏட்டம்மா. ரூட் ஓட்ட ஆள் வேணும். அதுக்காகத் தன் ரத்தத்தைக் குடுத்து எல்லாரையும் பாஸாக்கிட்டான். ஃபைலையும் ஒளிச்சான்."

மேனேஜரின் விரலைக் குத்திப் பார்த்தார்கள்.

ஓ பாசிட்டிவ்!

"சே!"

கம்பெனி ரெஜிஸ்டரில் ரத்த குரூப்பைக் குறிக்க ஒரு கட்டம் இருந்தது. முந்நூறு பேருக்கும் அந்தக் கட்டம் காலி.

மணி மூன்றரை. அஞ்சு மணிக்குக் கேஸை மூட வேண்டும்.

"முந்நூறு பேரையும் வரிசையா நிக்க வெச்சுக் குத்திடலாமா?" என்றாள் ஏட்டம்மா.

"குத்தினா தலைவர் ஊரையே நிறுத்திருவார். வேற வழி பார்க்கணும். நாம தேடிப் போக வேண்டாம். அவனே வரட்டும்..."

*

ஆஸ்பத்திரி வாசல். இருநூறு தொழிலாளர்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்டூல் போட்டு அதன் மேல் தலைவர். கையில் மைக்.

"நிதானத்தைக் கொன்றது யார்?"

"நிர்வாகம்! நிர்வாகம்!"

"மேனேஜரைக் கைது செய்!"

"கைது செய்! கைது செய்!"

இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் காதருகே குனிந்தார். "தலைவரே, ஒரு உதவி. உள்ள ரத்தம் அவசரமாத் தேவைப்படுது. பி நெகட்டிவ். உங்க ஆளுங்ககிட்ட மைக்ல ஒரு வார்த்தை சொல்லணும்."

"யாருக்கு சார்? அந்த டீச்சரம்மாவுக்கா?"

"பேசக்கூட நேரமில்ல தலைவரே."

தலைவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். குரல் தழுதழுத்தது.

"தோழர்களே! நம்ம பஸ்ஸில் அடிபட்ட உயிர் ஒன்று ரத்தத்துக்குத் தவிக்கிறது! பி நெகட்டிவ்! யாரிடம் இருந்தாலும் முன்னால் வாருங்கள்!"

கூட்டம் சலசலத்தது. ஒரே ஒரு கை உயர்ந்தது. பீப்பாய் மாதிரி உடம்போடு ஒரு டிரைவர்.

இன்ஸ்பெக்டரின் கண்கள் மின்னின.

ஸ்டூல் மேலிருந்து மைக் மறுபடியும் முழங்கியது.

"ஒரு தோழர் வந்துவிட்டார்! இரண்டாவது யார் தெரியுமா? நான்தான்! என் உடம்பில் ஓடுவதும் அதே ரத்தம்தான்! உங்களுக்காக எத்தனையோ கொடுத்தவன், இதைக் கொடுக்க மாட்டேனா?"

கைதட்டல் காதைப் பிளந்தது!

"தலைவரே, நீங்க கூட்டத்தைப் பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டர் அவசரமாக. அவர் கவனமெல்லாம் பீப்பாய் மேல் இருந்தது. "அவர் ஒருத்தர் போதும்..."

"இல்ல சார்! முதல்ல நான்தான்!"

*

உள்ளே இரண்டு கட்டில்கள். ஒன்றில் பீப்பாய். மற்றதில் தலைவர்.

"முதல்ல ஒரு சின்னக் குழாய் எடுத்து டெஸ்ட் பண்ணிடுவோம்," என்றார் டூட்டி டாக்டர்.

பீப்பாயின் ரத்தம் சுழன்று நின்றது. மேலே மங்கலாக, கஞ்சித் தண்ணீர் மாதிரி! மெஷினில் முந்நூற்றுப் பத்து என்று வந்தது.

"இவரோட கம்பெனி ரிப்போர்ட்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நூத்தி அறுபத்தேழு," ஏட்டம்மா ஃபைலைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்போ இவரும் ஏமாந்தவர்தான்! ஐயா, நீங்க வண்டியில ஏறாதீங்க. நேரா ஹார்ட் டாக்டரைப் பாருங்க. சே... இவரும் இல்லைன்னா வேற..."

ஏட்டம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சார். அந்தக் கட்டிலைப் பாருங்க."

தலைவர் சட்டையின் முழுக்கையை மடித்துவிட்டிருந்தார். வலது முழங்கை மடிப்பில் பழைய ரத்தக்கட்டு ஒன்று பச்சையும் மஞ்சளுமாகப் பரவியிருந்தது. பெரிய ஊசி போட்டு நிறைய ரத்தம் இழுத்தால் வருகிற அடையாளம்.

நர்ஸ் இடது கையை மடித்துவிட்டாள்.

அங்கேயும்!

இன்ஸ்பெக்டருக்கு ஏதோ சுவரில் முட்டிக்கொண்டது போலிருந்தது.

"தலைவரே... எப்போ குத்தினது இது?"

தலைவர் சட்டென்று கையை இறக்கினார். "அது... கதவுல இடிச்சுக்கிட்டேன் சார்."

"ரெண்டு கையையுமா?"

டூட்டி டாக்டர் மெஷினிலிருந்து காகிதத்தை உருவினார். "மொத்தக் கொலஸ்ட்ரால் நூத்தி எழுபது. நல்லது அறுபத்தொண்ணு. சாப்பிட்டிருந்தாலும் இந்த ரெண்டும் பெரிசா மாறாது சார். அந்தக் குழாய்ங்களோட அப்படியே பொருந்துது."

"பி நெகட்டிவ் இருக்கிறவன் எல்லாம் திருடனா?" தலைவர் கட்டிலிலிருந்து குதித்தார். "எனக்கு உடம்பு நல்லா இருந்தா அது தப்பா? வெளிய இருநூறு பேர் இருக்காங்க! ஒரு குரல் குடுத்தேன்னா..."

"குடுங்க. அதுக்கு முன்னாடி போனைக் குடுங்க," என்றாள் ஏட்டம்மா. சட்டைப் பையிலிருந்து அதை உருவியே விட்டாள். பெயர்களை விரலால் தள்ளினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

'ஊசி.'

டயல் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். ஊருக்கெல்லாம் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்த லேப் ஆள் முதல் மணியிலேயே எடுத்தான். இது வேறு நம்பர்!

"தலைவரே! டிரைவர் செத்துட்டாராமே! நான் அன்னிக்கே வேண்டாம்னு சொன்னேனே! எல்லாருக்கும் உங்க ரத்தத்தையே ஊத்தினா மாட்டிப்போம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! இப்போ என்ன பண்றது? தலைவரே... கேக்குதா?"

"நல்லாக் கேக்குது," என்றார் இன்ஸ்பெக்டர். "இருக்கிற இடத்தைச் சொல்லு. வண்டி அனுப்பறேன்."

தலைவர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். மூங்கில் முறிந்தது.

"போன வருஷம் பதினோரு பேரை இறக்கினாங்க சார். வண்டி கழுவ விட்டாங்க. அத்தனை பேரும் என் வீட்டு வாசல்ல வந்து காறித் துப்பினாங்க. 'நீ எதுக்குத் தலைவர்'னு கேட்டாங்க. அடுத்த மாசம் சங்கத் தேர்தல். 'இந்தத் தடவை ஒருத்தனையும் இறங்க விட மாட்டேன்'னு வாக்கு குடுத்துட்டேன்..."

"டிரைவர்களுக்குத் தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. ரத்தம் கொடுத்தாங்க. பாஸாயிட்டோம்னு சந்தோஷப்பட்டாங்க. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தா உங்களுக்கும்..."

அவர் முடிக்கவில்லை.

வாசலில் தையல்காரி நின்றிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நின்றாளோ! கழுத்து டேப்பின் நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மெதுவாக நடந்து வந்தாள். பிளாஸ்டிக் உறையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"அண்ணா... இது உங்க ரத்தமா?"

தலைவர் தலை குனிந்தார்.

"உங்க நெஞ்சு நல்லா இருக்குங்கிற காகிதத்தைப் பார்த்துட்டா அவர் தன் நெஞ்சுவலியை கேஸ்னு நினைச்சார்?"

தலைவர் அந்த உறையை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"வண்டி கழுவியிருப்பாரே அண்ணா... வாளியும் துடைப்பமுமா வீட்டுக்கு வந்திருப்பார். முணுமுணுத்துக்கிட்டேதான் வந்திருப்பார். ஆனா வந்திருப்பாரே!"

அப்போதுதான் அவள் அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அத்தனையும் சேர்த்து. ஏட்டம்மா அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், அஞ்சு மணிக்குள்ள முடிச்சுட்டேன். ஹார்ட் அட்டாக்கை அரெஸ்ட் பண்ணியாச்சு. சங்கத் தலைவர். கூடவே லேப் ஆள் ஒருத்தன். டிரைவர் ஒரு சொட்டுகூடக் குடிக்கலை, அதை முதல் வரியில எழுதறேன். இன்னும் முப்பத்தாறு டிரைவர் இருக்காங்க. யாரும் நாளைக்கு வண்டி எடுக்கக் கூடாது. எல்லாருக்கும் மறுபடி டெஸ்ட். பஸ் ஓடலைன்னா ஜனங்க நடக்கட்டும் சார். எல்லாருக்கும் நல்லதுதான்!"

*

வெளியே செய்தி பரவிவிட்டது.

கோஷம் நின்றிருந்தது. இருநூறு பேர் இருந்த இடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். ஒரு டிரைவர் தன்னையறியாமல் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் வைத்தார். பிறகு இன்னொருவர்...

அவர்களுக்கு நடுவே தலைவரை நடத்திக்கொண்டு போனார்கள். யாரும் வழி மறிக்கவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை.

ஜீப் படியில் கால் வைக்கும்போது தலைவர் திரும்பினார். கண்ணீரோடு வீராப்பும் எட்டிப் பார்த்தது.

"நான் யார் குடியைக் கெடுத்தேன் சார்? யார்கிட்டயும் எதையும் பிடுங்கலையே! என் உடம்பு ரத்தத்தைத்தானே எடுத்துக் குடுத்தேன்!"

ஏட்டம்மா ஜீப் கதவை அறைந்து சாத்தினாள்.

"அதுதான் தலைவரே விசேஷம்! அடுத்தவன் ரத்தத்தை உறிஞ்சிட்டு உள்ள போன தலைவருங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். சொந்த ரத்தத்தைக் குடுத்துட்டு உள்ள போற முதல் தலைவர் நீங்கதான்!"